ஹஸ்கல் கறி: காரணம் தேடிய கணிதர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் முன்னோர் மரபு. அவ்விரண்டனுள் எழுத்தின் இயல்பை ஆராய்ந்த இலக்கணிகள் நம்மிடையே பலர். எழுத்தென்பது யாது, அது சொல்லாவது எவ்வாறு, சொல்லொடு சொல் புணருங்கால் நிகழ்வன யாவை என்றெல்லாம் நுணுகி நோக்கி அவர்கள் விதி வகுத்தார்கள். எண்ணையோ நாம் பெரும்பாலும் கையாளவே கற்றோம். இரண்டும் மூன்றும் ஐந்து என்பதைச் சிறு குழந்தையும் சொல்லும். அஃது ஏன் ஐந்தாயிற்று என்று வினவினாற் கற்றாரும் சற்றுத் தயங்குவர். அத்தகைய வினாக்களை வாழ்நாள் முழுதும் விடாது பற்றிநின்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அவர் பெயர் ஹஸ்கல் புறூக்ஸ் கறி. ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்து, 1982ஆம் ஆண்டில் மறைந்த கணிதர். கணினி பயிலும் நம் இளைஞர் பலர் ஹஸ்கல் என்னும் செய்நிரல் மொழியின் பெயரை அறிவர். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் அவருட் சிலரே. கறி என்றவுடன் நமக்கு நம் உணவே நினைவுக்கு வரும். தமிழ்ச் சொல்லாகிய கறி ஆங்கிலத்திற் புகுந்து உலகெங்கும் பரவியது உண்மையே. ஆயினும் இக்குடும்பப் பெயருக்கும் அச்சொல்லுக்கும் ஒலியொப்புமையன்றி வேறு உறவில்லை.

யான் பிராசீனக் கல்லூரியில் இலக்கணம் பயின்றவன்; சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் உள்ள நல்லதண்ணியிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன். கணிதப் பட்டம் பெற்றவனல்லேன். எனினும் இவ்வறிஞர் சென்ற நெறி இலக்கணம் கற்றவனுக்கு மிக அணித்தானது என்பது என் துணிபு. அதன் காரணம் போகப்போக விளங்கும்.

விடையும் காரணமும்

கறி 1900ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் மசாசுசெட்ஸ் மாநிலத்து மில்லிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் சைலஸ் கறி, பொஸ்டன் நகரிற் பேச்சுக்கலை பயிற்றும் கல்லூரி ஒன்றின் தலைவர். தாயார் அன்னா பாரைற் அக்கல்லூரியை அவரோடு உடனிருந்து நடத்தியவர். சொல்லை அழகுற உரைக்கக் கற்பித்த பெற்றோருக்கு, சொற்களையெல்லாம் களைந்தபின் எஞ்சி நிற்கும் கருத்தின் எலும்புக்கூட்டைத் தேடும் மகன் பிறந்தார்.

1916இல் மருத்துவம் கற்கும் எண்ணத்தோடு ஹாவார்ட் பல்கலைக்கழகம் புகுந்தார். முதல் உலகப்போர் அந்நோக்கத்தை மாற்றியது. பீரங்கிப் படைக்குக் கணிதம் உதவும் எனக் கருதி அத்துறைக்கு மாறினார். போர் முடிந்தது, கணிதம் நிலைத்தது. 1920இற் பட்டம் பெற்றபின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலத் தொடங்கினார். அங்கே அவர் உள்ளத்தில் ஒரு முரண் எழுந்தது. உடன்பயின்ற பொறியியலார்க்கு விடை சரியா என்பதே கேள்வி. இவர்க்கோ அவ்விடை ஏன் சரி என்பதே கேள்வி. இரண்டாண்டிற் பொறியியலைத் துறந்து, ஹாவார்டுக்கு மீண்டு பௌதிகம் கற்றார். 1924இல் அத்துறையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பௌதிகத்திலும் அமைதி காணாது மீண்டும் கணிதத்தை அடைந்தார். மருத்துவம், பொறியியல், பௌதிகம், கணிதம் என நான்கு வாயில்களைத் தட்டியபின்னும் அவருடைய இருப்பிடம் இன்னும் ஒருபடி ஆழத்தில் இருந்தது. அதன் பெயர் அளவையியல்.

விடை சரியாயிருத்தல் வேறு, விடையின் காரணம் விளங்குதல் வேறு என்னும் இப்பிரிவை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். கறியின் வாழ்க்கையும், அவர் மறைந்தபின் அவர் பெயராற் பிறந்த மொழியின் வரலாறும் இப்பிரிவின்மேலேயே எழுந்தவை.

புணர்ச்சி விதியொத்த ஓர் அளவையியல்

வைற்ஹெட், ரசல் ஆகிய இருவரும் கணிதம் முழுவதையும் அளவையியலின்மேல் நிறுவ முயன்று இயற்றிய பெருநூலைக் கறி பயின்றார். அதன் தொடக்கத்திலேயே அவர் கண் ஓரிடத்தில் நின்றது. அந்நூலார் அனுமானத்துக்கு இரு விதிகளைக் கொண்டனர். ஒரு கூற்று உண்மையாய், அதிலிருந்து மற்றொன்று பெறப்படும் என்பதும் உண்மையாயின், அம்மற்றொன்றும் உண்மை என்பது ஒரு விதி. இது மிக எளிது. ஒரு தொடரில் மாறி நிற்கும் குறியின் இடத்தில் வேறொரு தொடரை வைக்கலாம் என்பது மற்றையது. இதனைப் பிரதியீடு என்பர். இரண்டும் அருகருகே ஒருநிகராக எழுதப்பட்டிருந்தன. ஆயின் பிரதியீடு உண்மையில் எத்துணைச் சிக்கலானது! எங்கெங்கு வைப்பது, எத்தனை முறை வைப்பது, ஒரே குறி இருவேறு பொருளில் வந்தால் என் செய்வது என எண்ணற்ற நுட்பங்கள் அதனுள் மறைந்து கிடந்தன. அம்முடிச்சை அவிழ்த்து எளிய இழைகளாக்க வேண்டும் என்று கறி முனைந்தார்.

இலக்கணம் கற்றவர்க்கு இம்முயற்சி புதிதன்று. இரு சொற்கள் புணருங்கால் நிகழும் மாற்றங்கள் எண்ணிறந்தவை போலத் தோன்றும். நன்னூலாரோ அவற்றைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றே விகாரங்களுள் அடக்கினார். கறியும் அவ்வாறே பிரதியீடு முழுவதையும் நான்கு சிறு செயல்களாகப் பகுத்தார். ஒன்றை இரட்டித்தல், இரண்டன் இடத்தை மாற்றுதல், வேண்டாததை விடுத்தல், இரு செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தல் என்பன அவை. அவற்றை ஆங்கிலத்தில் ஒன்றுசேர்ப்பவை என்னும் பொருளமைந்த பெயரால் வழங்குவர். நாம் இணைப்பிகள் என்போம். மாறிக் குறி ஒன்றுமின்றி, இணைப்பிகளைக் கொண்டே எந்தப் பிரதியீட்டையும் நிகழ்த்தலாம் என்பது அவர் கண்ட உண்மை.

1927இற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்தபோது, நூலகத்தில் ஒரு கட்டுரை அவர் கைக்கு எட்டியது. மோசஸ் ஷோன்பிங்கல் என்னும் உருசிய நாட்டறிஞர் 1920இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் ஆற்றிய உரை, 1924இல் அச்சேறியிருந்தது. தாம் கண்டவற்றுட் பல அதில் முன்னரே இருக்கக் கண்டார். தம் கண்டுபிடிப்புக்கு முந்தியவர் ஒருவர் உளர் என அறியுங்கால் மனம் வாடுவோரும், அறியாதார் போல ஒழுகுவோரும் உலகில் உண்டு. கறியோ ஷோன்பிங்கலைத் தேடிப் புறப்பட்டார். அவர் நோயுற்று ஆராய்ச்சியைத் தொடர இயலா நிலையினர் என அறிந்தார். எனினும் அக்கருத்துப் பிறந்த இடத்திலேயே அதனை வளர்க்க விரும்பி, அண்மையில் மணந்த வேர்ஜினியா அம்மையாருடன் 1928இற் கொட்டிங்கன் சென்றார். அங்கே ஹில்பேர்ட் என்னும் பெருங்கணிதரின் பெயராலும், போல் பெர்னேய்ஸ் என்பாரின் நேர் வழிகாட்டலாலும் ஆய்வு முடித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1930இல் வெளிவந்தது. 1929 முதல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி அவர் பணியிடமாயிற்று. அதுவே பின்னர்ப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

எச்சம் போன்ற சார்பு

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று விரித்தல் வேண்டும். கணிதத்தில் ஒன்றைக் கொடுத்தால் அதற்கேற்ற ஒன்றைத் தருவதைச் சார்பு என்பர். கூட்டல் இரண்டு எண்களை வேண்டும் சார்பு. அதற்கு மூன்று என்னும் ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் யாது நிகழும்? பிழை என்பர் சிலர். ஷோன்பிங்கலும் கறியும், மூன்றைக் கூட்டுதல் என்னும் புதியதொரு சார்பு பிறக்கும் என்றனர். அஃது இன்னோர் எண்ணை எதிர்நோக்கி நிற்கும். அவ்வெண் வந்தவுடன் நிறைவு பெறும்.

வந்த என்னும் பெயரெச்சம் பெயரை அவாவி நிற்பதும், வந்து என்னும் வினையெச்சம் வினையை அவாவி நிற்பதும் தமிழ் மாணவர் அறிந்தவை. எச்சம் பிழையன்று, முடிக்கும் சொல்லுக்காகக் காத்திருக்கும் முறையான சொல் அது. அவ்வாறே குறைபட நின்ற சார்பும் முறையானதொரு பொருளே. இம்முறையைப் பின்வந்தோர் கறியின் பெயராலேயே வழங்கினர். அவரோ அப்பெருமை ஷோன்பிங்கலுக்கு உரியது என எழுதியவர். ஷோன்பிங்கல் 1940களில் மொஸ்கோவில் வறுமையுள் மறைந்தார். அவர் பெயர் இன்று அறிஞரிடையே நிலவுவதற்குக் கறியின் நேர்மை ஒரு பெருங்காரணம்.

படியேறும் எண்

எல்லாவற்றையும் சார்பாகக் காண்போர்க்கு எண் என்பது யாது? பிரின்ஸ்டனில் அலொன்சோ சேர்ச் என்னும் அளவையியலார், லம்டாக் கணிதம் எனப்படும் உடன்பிறப்பான முறையொன்றை அதே காலத்தில் வகுத்து வந்தார். அவர் தந்த விடை வியக்கத்தக்கது. எண் என்பது ஒரு பொருளன்று. ஒரு வினையை அத்துணை முறை செய்க என்னும் ஏவல். மூன்று எனின் மும்முறை செய்தல். பூச்சியம் எனின் ஒருமுறையும் செய்யாமை. கறியின் இணைப்பிகளாலும் இவ்வெண்களை அவ்வாறே அமைக்கலாம்.

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலையின் உச்சிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஒரு படி ஏறுதல் என்பது வினை. இருமுறை ஏறியபின் மும்முறை ஏறினால் ஐந்துமுறை ஏறியதாகும், இதுவே கூட்டல். மும்முறை ஏறுதல் என்னும் முழுச் செயலையே இருமுறை செய்தால் ஆறாகும், இதுவே பெருக்கல். செயல்களைத் தொடுக்கும் கறியின் இணைப்பி எதுவோ, அதுவே இவ்வெண்களுக்குப் பெருக்கலாகவும் அமைகின்றது. இரண்டும் மூன்றும் ஏன் ஐந்து என்னும் வினாவுக்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ?

ஆயின் கழித்தலிலே இடர் வந்தது. ஏறுதல் ஒன்றே அறிந்து, இறங்கவும் திரும்பி நோக்கவும் அறியாத யாத்திரிகர் ஒருவரைக் கற்பனை செய்க. தாம் நிற்கும் படிக்கு முந்திய படி யாது என அவர் அறிவதெங்ஙனம்? சேர்ச்சின் மாணவர் ஸ்டீபன் கிளீனி 1932இல் இதற்கு வழி கண்டார். பல் மருத்துவரிடம் பல் பிடுங்கச் சென்றிருந்தபோது அது தோன்றியது என்பர். மலையடியிலிருந்து மீண்டும் ஏறத் தொடங்கி, நிற்கும் படியையும் அதற்கு முந்திய படியையும் இணையாக நினைவில் வைத்துக்கொண்டே செல்லவேண்டும். உச்சியை அடைந்ததும் முந்திய படி கையில் இருக்கும். வழி சரியே. ஆனால் ஒன்றைக் கழிப்பதற்கு மலை முழுதும் ஏறவேண்டியிருக்கின்றது! இலட்சத்திலிருந்து ஒன்றைக் கழிக்க இலட்சம் அடிவைப்பு வேண்டும். காரணம் முழுமையாக விளங்கும் இவ்வெண், கணக்கிடுவதற்கு இத்துணை மெத்தனமானது.

முரண்பாட்டின் முன்

1935இல் கறிக்குப் பெருஞ்சோதனை வந்தது. கிளீனியும் ரொசர் என்பாரும், சேர்ச் முதலில் அமைத்த அளவையியலும் கறி அப்போது அமைத்திருந்த அளவையியலும் முரண்பாடுடையன என நிறுவினர். முரண்பாடு ஒன்று புகுந்த அளவையியலில் எதனையும் உண்மையென நிறுவலாம்; ஆகவே எதுவும் நிறுவப்பட்டதாகாது. பல்லாண்டு உழைப்பின் அடித்தளம் வெடித்தது போன்ற நிலை அது.

சேர்ச் பழுதுபட்ட பகுதியை நீக்கி, சார்புக் கணிதத்தை மட்டும் காத்துக்கொண்டார். கறியோ வெடிப்பையே ஆராய்ந்தார். நோயின் மூலத்தை அறியாது நோயைத் தீர்க்கலாகாது என்பது அவர் நெறி. கிளீனியும் ரொசரும் காட்டிய நீண்ட வழியைப் படிப்படியாகச் சுருக்கி, 1942இல் அதன் கருவை வெளிப்படுத்தினார். இவ்வாக்கியம் உண்மையாயிற் கடல்நீர் இனிக்கும் என்று ஒரு வாக்கியம் தன்னைத்தானே சுட்டி நிற்பதாகக் கொள்க. அஃது உண்மை என ஒருகணம் ஏற்போமாயின், அது கூறுவதும் நிகழும், கடல்நீர் இனிக்கும். ஆகவே அது உண்மையாயிற் கடல்நீர் இனிக்கும் என்பது பெறப்பட்டது. அவ்வாக்கியம் கூறியதும் இதுவே. எனவே அவ்வாக்கியம் உண்மை. ஆதலிற் கடல்நீர் இனிக்கும்! இல்லை என்னும் எதிர்மறை எங்கும் வாராமலே இம்மயக்கம் நிகழ்வதைக் காண்க. இன்றும் மெய்யியல் மாணவர் கறியின் பெயரால் இதனைக் கற்கின்றனர்.

இம்முரணைத் தவிர்க்க, எந்தச் சார்பு எவ்வகைப் பொருளை ஏற்று எவ்வகைப் பொருளைத் தரும் என வகைப்படுத்தும் முறையை அவர் வளர்த்தார். உயர்திணைப் பெயர் அஃறிணை வினைகொண்டு முடிதல் வழுவென்று இலக்கணம் தடுப்பதுபோல, வகை பொருந்தாச் சேர்க்கையை அம்முறை தடுக்கும். 1934இலேயே அவர் ஒரு விந்தையைக் கண்டிருந்தார். இணைப்பிகளின் வகைகளை எழுதினால் அவை அளவையியலின் அடிப்படைக் கூற்றுகளை அப்படியே ஒத்திருந்தன. 1958இல் றொபேர்ட் பெய்ஸ் என்பாருடன் இயற்றிய பெருநூலிலும் இதனை எடுத்துக்காட்டினார். வில்லியம் ஹவார்ட் 1969இல் இதனை விரிவாக்க, செய்நிரல் எழுதுதலும் தேற்றம் நிறுவுதலும் ஒரே செயலின் இரு தோற்றங்கள் என்னும் கொள்கை அவ்விருவர் பெயராலும் நிலைபெற்றது.

எந்திரத்தின் அருகே

இத்தகைய நுண்ணறிஞர் எந்திரத்தை நெருங்கியிரார் எனக் கருதுவோர் வியப்புறும் செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கறி கல்லூரியை விடுத்து அரசின் படைக்கல ஆய்வுகளிற் பணியாற்றினார். 1945இல் மேரிலாந்து மாநிலத்து அபர்டீனில் உள்ள எறிபடை ஆய்வுகூடத்தைச் சேர்ந்தார். எனியாக் என்னும் மாபெரும் இலத்திரனியற் கணிப்பொறியைப் பயன்படுத்த ஆயத்தம் செய்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி, ஒரு செக்கனில் 5,000 கூட்டல்களைச் செய்தது. அதன் உள்ளமைப்பு நம் கருத்துக்கு மிக வேண்டுவது. ஏழு என்னும் இலக்கம் அதனுள் ஏழு மின்துடிப்புகளாகச் சென்றது. எண்ணை வினையாகக் காணும் கொள்கை அங்கே மின்னாய் ஓடியது எனலாம். ஆயின் ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் கம்பி இருந்தது. ஆதலின் ஐயாயிரத்தை அனுப்ப ஐயாயிரம் துடிப்புகள் வேண்டியதில்லை. ஆயிரத்தின் இடத்தில் ஐந்து துடிப்புகளே போதும். பாரத நாட்டிற் பிறந்த இடமதிப்பு முறை, மலையேற்றத்தைச் சில அடிகளாகச் சுருக்கியது.

கறி, வில்லா வயற் என்னும் அம்மையாருடன் சேர்ந்து, பீரங்கி அட்டவணைகளுக்குத் தேவையான கணக்கொன்றை எனியாக்கில் அமைப்பது பற்றி 1946இல் ஆய்வறிக்கை எழுதினார். கணக்கை முடிப்பதோடு அவர் நிற்கவில்லை. சிறு செய்நிரல்களைத் தொடுத்துப் பெருஞ் செய்நிரல் ஆக்குவதற்குப் பொதுவிதி உண்டா என்று வினவினார். ஒரு செய்நிரலின் ஓரிடத்தில் மற்றொன்றை வைத்தல் அதே பழைய பிரதியீட்டு முடிச்சே அன்றோ? 1949, 1950ஆம் ஆண்டுகளிற் கடற்படை ஆய்வுகூடமொன்றுக்கு எழுதிய அறிக்கைகளில், கணித வாய்பாட்டை எந்திரத்தின் சிறு சிறு கட்டளைகளாக முறைப்படி பகுக்கும் வழியை விளக்கினார். மொழிபெயர்க்கும் அவ்வேலையை இன்று தொகுப்பான் என்னும் செய்நிரல் செய்கின்றது. அவ்வறிக்கைகளை அக்காலத்திற் கவனித்தோர் மிகச் சிலர். கறியும் கல்லூரிக்கு மீண்டு அளவையியலில் ஆழ்ந்தார். 1966இல் ஓய்வுபெற்று, நான்காண்டு அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்து, மீண்டும் பென்சில்வேனியாவின் ஸ்டேட் கொலேஜ் என்னும் தம் ஊரையே அடைந்தார். 1982 செப்டெம்பர் முதலாம் நாள், எண்பத்திரண்டாம் அகவை நிறையப் பதினொரு நாட்களே எஞ்சியிருக்க, அங்கே உயிர் நீத்தார்.

பெயர் பெற்ற மொழி

1987 செப்டெம்பரில் ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரிற் கூடிய ஆய்வாளர் சிலர், சார்புகளை அடிப்படையாகக் கொண்ட செய்நிரல் மொழிகள் பலவாய்ச் சிதறிக் கிடத்தலை விலக்கிப் பொதுமொழி ஒன்று வகுக்கத் துணிந்தனர். மறுவருடம் யேல் பல்கலைக்கழகத்திற் கூடியபோது பெயர் பற்றிய பேச்சு எழுந்தது. கறியின் பெயரை இடலாம் என்றனர். ஆயின் உணவுப் பெயரை வைத்து நகையாடுவர் என அஞ்சி, முதற்பெயராகிய ஹஸ்கலையே தெரிந்தனர். வேர்ஜினியா அம்மையாரிடம் இசைவு கோரப்பட்டது. போல் ஹுடாக் என்னும் பேராசிரியர் பின்னர் அவர் இல்லஞ் சென்றார். சேர்ச்சும் கிளீனியும் அவ்வில்லத்தில் விருந்தினராய்த் தங்கிய நாட்களை அம்மையார் நினைவுகூர்ந்தார். விடைபெறும் வேளையில், தம் கணவர்க்கு ஹஸ்கல் என்னும் பெயர் ஒருபோதும் பிடித்ததில்லை என்றும் சொல்லிவைத்தாராம். 1990 ஏப்ரில் முதலாம் நாள் அம்மொழியின் முதல் வரையறை வெளிவந்தது.

பொறியியலார்க்கும் கறிக்கும் இடையே இளமையில் எழுந்த முரண் இம்மொழியில் மீண்டும் தலையெடுத்தது. தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாதிருத்தல் ஹஸ்கல் மொழியின் இயல்பு. அதனால் நன்மைகள் பல. எனினும் எண்களுக்கு அது சுமையாயிற்று. எங்கள் பக்கத்துக் கொழுந்து மடுவத்தை உவமையாகக் கொள்வேன். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நாளும் நிறுத்த கொழுந்தைக் கூட்டி மொத்தத்தை எழுதுவதற்கு மாறாக, நேற்றைய துண்டில் உள்ளதோடு இன்று பதினெட்டுக் கிலோவைக் கூட்டுக என்று ஒரு துண்டு எழுதி உறையில் இடுகிறார் என்க. நேற்றைய உறையினுள்ளும் அத்தகைய துண்டே இருக்கும். மாத முடிவில் சம்பளக் கணக்குக் கேட்டால், உறைக்குள் உறையாக முதல்நாள்வரை பிரித்துச் சென்று, பின்னரே கூட்டத் தொடங்கவேண்டும். மேசை முழுதும் உறைகள்! விடை சரியாகவே வரும். காலமும் இடமும் வீணாகும்.

உறை ஏன் வேண்டும்? கணக்கிட்டு முடிந்த எண்ணும், இனிக் கணக்கிட வேண்டிய ஏவலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருத்தல் வேண்டும், அதற்காகவே உறை. கணினிப் பொறியின் கூட்டற் கருவிக்கோ உறை தெரியாது, வெற்றெண்ணே வேண்டும். ஆகவே ஒவ்வொரு கூட்டலுக்கும் இரண்டு உறைகளைப் பிரித்து, கூட்டி, விடையைப் புதிய உறையில் இடவேண்டியதாயிற்று. ஒரு கணத்திற் கூட்டி முடிக்க வல்ல பொறி, உறை பிரிப்பதிலேயே பொழுதைக் கழித்தது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இம்மொழிக்குத் தொகுப்பான் அமைத்தோருள் சைமன் பெய்ற்றன் ஜோன்ஸ், ஜோன் லோஞ்ச்பரி ஆகிய இருவரும் 1991இல் ஒரு வழி காட்டினர். உறையைத் தொகுப்பானின் அந்தரங்க வேலையாக மறைத்து வையாது, உறையிடுதலையும் உறை பிரித்தலையும் மொழியிலேயே வெளிப்படையான செயல்களாக எழுதினர். உறையுள் எண், உறையற்ற வெற்றெண் என இருவேறு வகைகள் ஆயின. இட்ட உறையை உடனே பிரிப்பின் இரு செயலும் ஒன்றையொன்று அழிக்கும் என்பது எளிய விதி. அவ்விதியைத் தொகுப்பான் தானே மீண்டும் மீண்டும் செலுத்தி உறைகளை ஒழித்தது. எந்த எண் எப்படியும் தேவைப்படும் என்பதை முன்னறிந்து, அதனை அவ்வப்போதே கூட்டிவிடச் செய்யும் ஆராய்ச்சியும் அதனோடு சேர்ந்தது. அதன் முறையை அலன் மைக்ரொவ்ற் 1980இல் வகுத்திருந்தார். மாத முடிவில் மொத்தம் வேண்டியது உறுதியாயின், அன்றன்றைக்கே கூட்டி எழுதுவதில் தடை என்ன? இவ்வாறு சுழலும் கணக்குகள் உறையே இன்றிப் பொறியின் இயல்பான விரைவை அடைந்தன.

விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. பொறியின் வெற்றெண் 64 இரும இலக்கங்களுள் அடங்குவது. அவ்வெல்லையின் உச்சத்தில் ஒன்றைக் கூட்டினால், பெரும் நேரெண் சொல்லாமற் கொள்ளாமல் எதிரெண்ணாக மாறிவிடும். விடை தவறும், எச்சரிக்கையும் இராது. ஆகவே எல்லையற்ற முழுவெண் ஒன்றையும் ஹஸ்கல் தந்தது. சிறியதாயின் அஃது ஒரே கட்டளையிற் கணக்கிடப்படும். எல்லையை மீறுங்கால் தானே பல அறைகளிற் பரந்த நெடிய எண்ணாகும். வகை குறியாது எழுதும் எண்ணை மொழி இவ்வெல்லையற்ற வகையாகவே கொள்ளும். மெய்ம்மையை முதலில் வைத்து, விரைவை அதற்கு அடங்கச் செய்த அமைப்பு இது.

கறியும் ஹவார்டும் கண்ட கொள்கையின்மேல் எழுந்த அக்டா போன்ற மொழிகளில் இவ்விணக்கம் இன்னும் தெளிவு. அங்கே இயலெண் என்பது பூச்சியமும் அதன்மேல் ஒவ்வொரு படியாக ஏறுதலுமேயாம். தேற்றங்கள் அப்படிகளின்மேலேயே நிறுவப்படும். கணக்கிடும் வேளையிலோ, ஓர் அறிவிப்பின்படி அப்படிகளின் இடத்தில் பொறியின் விரைவெண் வந்து நிற்கும். காரணத்துக்கு மலையேற்றம், கணக்குக்கு மின்வேகம்.

நம் திண்ணைப் பள்ளிகள் இவ்விரண்டையும் அறிந்திருந்தன. மணலிற் கூழாங்கற்களை அடுக்கி எண்ணக் கற்ற பிள்ளை, பின்னர் எண்சுவடியை மனனஞ் செய்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் கல்லடுக்கிக் காண்பவன் சந்தையிற் கணக்குப் பார்க்க இயலாது. கல்லடுக்கி ஒருமுறையேனும் காணாதவன், சுவடி மறந்த அன்று திகைத்து நிற்பான். இன்று என் வகுப்பிலும், இலக்கண விதியை ஒப்பிக்கும் பிள்ளைகள் உளர். விதியின் காரணத்தை வினவும் பிள்ளைகளும் உளர். முன்னவர்க்குத் தேர்விற் புள்ளி கிடைக்கின்றது. பின்னவரைப் பொழுதில்லை என்று அமர்த்திவிடும் வழக்கம் நம் பள்ளிகளிற் பெருகிவருகின்றது.

ஏன் என்று கேட்டதற்காக ஒரு துறையையே விட்டு நீங்கிய இளைஞரின் வினா, அவர் மறைந்தபின் விரைவெண்ணுக்கும் நெறி வகுத்தது. நம் பள்ளிகளில் எண்சுவடி ஒலிக்கட்டும். அவ்வொலியினிடையே கையுயர்த்திக் காரணம் கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு நாழிகை ஒதுக்கட்டும்.